முன்கால் விழுந்த இடம்

கோன் மாஸ்டர் என்று அவனுக்குப் பேர் வைத்தது அவனிடம் பயிற்சிக்கு வந்த பிள்ளைகள்தான். வைத்ததில் தப்பே இல்லை. 'கோன்' என்கிற ஆரஞ்சு நிறக் கூம்பும் மஞ்சள் நிறத் தட்டை மார்க்கரும் இல்லாவிட்டால் மனுஷனுக்குக் கையே ஓடாது. ஓடி வந்து பந்து வீசுவதற்கு ஒரு வரிசை, பந்து விழ வேண்டிய இடத்தின் நாலு மூலைக்கும் நாலு தட்டு, வளைந்து வளைந்து ஓடிப் பந்தைப் பிடிக்க இன்னொரு வரிசை. தண்ணீர் குடிக்கப் போகிறவன் வழி தவறிவிடக் கூடாதென்று குழாய்ப் பக்கம்கூட இரண்டு கூம்பு நிற்கும். ஒருநாள் வீட்டில் தரை துடைத்த ஈரத்தில் ஒரு கூம்பைக் கொண்டுவந்து வைத்தான்.

"இதைத் தூக்கிட்டு வந்த கையால அந்த மாப்பைத் தூக்கியிருந்தா எனக்கு ஒரு வேலை மிச்சமாயிருக்கும்" என்றாள் பெண்டாட்டி.

அவன் வைக்கிற மார்க்கர் இம்மி பிசகாது என்று மைதானத்துக்கு வருகிற அத்தனை பேரும் சொல்வார்கள். அதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை. அவளே அவனிடம் பயிற்சிக்கு வந்தவள்தான். கல்யாணத்துக்கு அப்புறமும் மைதானத்தில் 'மாஸ்டர்', வீட்டில் 'ஏங்க'. மறந்துபோய் வீட்டில் 'மாஸ்டர்' என்று கூப்பிட்டுவிட்டால் மாமியார் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அவள் வேகப் பந்து வீச்சாளர். கூட ஆடியவர்கள் வைத்த பேர் எக்ஸ்பிரஸ். வேகம் கையில் மட்டும் இல்லை, மூக்குக்கு மேலே கோபமாகவும் இருந்தது. குழந்தை பிறந்து, பால் குடி குறைந்து, அது தவழ ஆரம்பித்ததும் பழைய ஷூவை எடுத்துத் தூசி தட்டினாள். "எக்ஸ்பிரஸ் இப்ப பாசஞ்சராயிருக்குமே" என்று மாமியார் கிண்டலடித்தாள். ஆனாலும் குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டது அந்த அம்மாள்தான்.

போனால் போகிறது என்று ஆடப் போனவள் இல்லை அவள். முன்னாள் கேப்டன் ஒருத்தி பெரிய அணிக்கு ஆள் எடுக்கிற குழுவில் இருந்தாள். எல்லாருக்கும் அவள் பெரியக்கா. அந்தப் பெரியக்கா ஒளிவு மறைவில்லாமல் சொல்லியிருந்தாள்: "இந்த வருஷம் ஒரு தடவை உன்னைப் பாக்கச் சொல்லி மத்தவங்ககிட்ட நான் மல்லுக்கட்டுவேன். அடுத்த வருஷத்துலருந்து சின்னப் பொண்ணுங்களத்தான் எடுக்கப் போறாங்க. அப்புறம் நான் சொன்னாலும் நடக்காது." ஆக இருந்தது ஒரே ஒரு வாய்ப்பு. விட்டால் எக்ஸ்பிரஸ் ஷெட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அவர்கள் பயிற்சி செய்த இடம் ஒரு கிடங்குக்குப் பின்னாலிருந்த மண் தரை. அங்கே சுண்ணாம்பில் கோடு போட்டால் நாலு பேர் மிதித்ததும் அழிந்துவிடும். அதனால் ஸ்டம்புக்கு முன்னால் கோடு இருக்க வேண்டிய இடத்தில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என இரண்டு மஞ்சள் தட்டுகளை வைப்பான் மாஸ்டர். அதுதான் கோடு. எங்கிருந்து ஓடி வர வேண்டும் என்பதற்கு ஒரு நைலான் கயிறு. ஒரு முனையை ஸ்டம்பில் மாட்டி இழுத்துக்கொண்டே போனால் முடிச்சு எங்கே வருகிறதோ அங்கே ஓர் ஆரஞ்சுக் கூம்பு. கல்யாணத்துக்கு முன்னால் அவளுடைய ஓட்டத்தைப் பார்த்து அவனே போட்டுக் கொடுத்த முடிச்சு அது. எந்த ஊர் மைதானத்துக்குப் போனாலும் அந்தக் கயிறு அவள் பையில் இருக்கும்.

வந்த வினை என்னவென்றால், பிள்ளை பெற்ற உடம்பு பழைய உடம்பு இல்லை. எட்டு வைக்கிற அளவு மாறியிருந்தது. அதே முடிச்சிலிருந்து ஓடி வந்தால் பந்தை விடும்போது முன்கால் கோட்டைத் தாண்டிப் போய் விழுந்தது. தாண்டினால் நோ-பால். எவ்வளவு நல்ல பந்தாக இருந்தாலும் செல்லாது.

"தாண்டுது" என்பான், ஸ்டம்புக்குப் பக்கத்தில் நின்று காலைப் பார்க்கிற மாஸ்டர்.

"தாண்டல."

"தாண்டுதும்மா. கயிறைக் கொஞ்சம் நீட்டிக்கலாம். கொஞ்சம் பின்னாலருந்து வா."

நீட்டிப் பார்த்தார்கள். நீட்டினால் ஓட்டத்தின் தாளம் கெட்டது. வேகம் செத்தது. பந்து எங்கெங்கோ போனது. பழக வேண்டும், பழகினால் வரும். ஆனால் பழகுவதற்குப் பொறுமை வேண்டுமே, அது அவளிடம் ஏது? கயிற்றைச் சுருட்டி அவன் மேலேயே விட்டெறிந்தாள். "என் ஸ்டெப் எனக்குத் தெரியும். உங்களுக்கு என்னைக் குத்தம் சொல்லணும், அவ்வளவுதான்" என்று கத்தினாள். வண்டியில் பின்னால் உட்கார்ந்து வீடு வரைக்கும் அழுதாள்.

"விளையாடிட்டு வர்றவ மூஞ்சியா இது? எழவு வீட்லருந்து வர்ற மாதிரி வர்றியே" என்றாள் மாமியார். அன்றைக்கெல்லாம் வீட்டில் யாரும் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. குழந்தைகூடத் தூங்காமல் சிணுங்கியது.

அப்படிச் சில வாரம் ஓடியது. பிறகு ஒருநாள் அவள் வீசிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது மாஸ்டர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான்.

"நெஜமாவா?"

"மயிரிழை கூடத் தாண்டல. இப்படியே போடு."

அன்றிலிருந்து எல்லாம் கைகூடி வந்தது. பந்து நாலு தட்டுக்கு நடுவில் சொன்னபடி கேட்டு விழுந்தது. பழைய வேகம் வந்தது. வீட்டுக்கு வரும்போதே பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். மாமியாரிடம் சிரித்துப் பேசினாள், குழந்தையைத் தூக்கிப் போட்டுப் பிடித்தாள். ராத்திரியில் புருஷனின் கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு, "நீங்க மட்டும் இல்லேன்னா நான் இதை எப்பவோ மூட்டை கட்டியிருப்பேன்" என்றாள். அவன் அவள் முடியைக் கோதினான். அந்தச் சில மாதங்கள் அந்த வீட்டில் அவ்வளவு நிம்மதி இருந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். ஓடி வந்து பந்து வீசுகிறவருக்குத் தன் கால் எங்கே விழுகிறது என்று தெரியாது. கண் பந்து போக வேண்டிய இடத்தில் இருக்கும். காலைப் பார்ப்பதற்கு வேறொரு ஆள் வேண்டும். அந்த ஆள் சொல்வதை நம்பித்தான் ஆக வேண்டும். இவளுக்கு அந்த ஆள் தாலி கட்டின புருஷன், போதாததற்குக் கோன் மாஸ்டர். டேப்பைத் தூக்கிக்கொண்டு போய் அவன் வைத்ததை அளந்தா பார்த்துக்கொண்டிருப்பாள்?

பெரியக்கா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். தேர்வுக்கு வரச் சொல்லி அழைப்பு வந்தது. இவள் துள்ளிக் குதித்துக்கொண்டு ஓடிவந்து சொன்னபோது மாஸ்டரின் முகத்தில் ஈயாடவில்லை. அதை அவள் பார்க்காமல் இல்லை. பார்த்தாள். என்னைவிட இவருக்குத்தான் பயம் அதிகம் என்று நினைத்து உருகிப்போனாள், பைத்தியக்காரி.

கிளம்புவதற்கு முந்தின நாள் அவன் மெல்ல ஆரம்பித்தான். "எதுக்கும் கயிறைக் கொஞ்சம் நீட்டிக்கிட்டா என்ன?"

"நல்லாப் போயிட்டிருக்கிறதை எதுக்குக் கெடுக்குறீங்க? சும்மா இருங்க, மாஸ்டர்."

அவன் சும்மா இருந்துவிட்டான்.

தேர்வு நடந்த மைதானம் பச்சைப் பசேலென்று இருந்தது. கோடு பளிச்சென்று வெள்ளைப் பெயிண்டில் போட்டிருந்தது. அவள் பையிலிருந்து கயிற்றை எடுத்து ஸ்டம்பில் மாட்டினாள், முடிச்சு வந்த இடத்தில் கூம்பை வைத்தாள். வயிற்றுக்குள் பட்டாம்பூச்சி ஒன்றும் பறக்கவில்லை. பசிதான் எடுத்தது. நன்றாகப் போடப் போகிற நாளில் அவளுக்கு எப்போதும் பசிக்கும்.

முதல் பந்து. நடுவர் கையைப் பக்கவாட்டில் நீட்டினார். நோ-பால்.

சரி, படபடப்பு என்று நினைத்துக்கொண்டாள். இரண்டாவது பந்துக்கும் அந்தக் கை நீண்டது. மூன்றாவது பந்தை எதிர்கொண்டு நின்றவள் அணியின் பெரிய மட்டையாளர். பந்து தரையில் பட்டு உள்ளே வளைந்தது. மட்டைக்கும் காலுக்கும் நடுவில் புகுந்து நடு ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு போனது. ஓரத்தில் நின்ற பெண்கள் "ஐயோ!" என்று கூவிவிட்டார்கள். பெரியக்கா நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள். பந்து வீசியவள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு திரும்பி நடுவரைப் பார்த்தாள். அந்த மனுஷன் கல்லுப் பிள்ளையார் மாதிரி கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"எவ்வளவு சார் தாண்டுது?" என்று கேட்டாள்.

"முழுக் காலும் வெளியிலதாம்மா இருக்கு. கொஞ்ச நஞ்சமில்ல."

முழுக் காலா? கூம்பைத் தூக்கிக் குத்துமதிப்பாகப் பின்னால் வைத்தாள். அதற்கப்புறம் அவள் ஓடியதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. புதிதாகச் சைக்கிள் பழகுகிறவளைப் போலத் தடுமாறி, கோட்டுக்கு முன்னால் குட்டி எட்டு வைத்து, பயந்து பயந்து விட்டாள். ஒரு பந்து வைடு. ஒன்று கையிலிருந்து நழுவி மட்டையாளரின் இடுப்புக்கு வந்தது, அவள் அதை எல்லைக்கு அடித்துவிட்டு இவளைப் பரிதாபமாகப் பார்த்தாள். அவ்வளவுதான், அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். பெரியக்கா மறுபடி உட்கார்ந்தாள்.

வீட்டு வாசலில் மாஸ்டர் குழந்தையை வைத்துக்கொண்டு நின்றான். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"நோ-பாலா?" என்று கேட்டான்.

அவள் இன்னும் வாயையே திறக்கவில்லை. அது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை. "எல்லாமே நோ-பால்" என்று சொல்லிவிட்டு அவன் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதாள்.

"டென்ஷன்தான். வேற என்ன? டென்ஷன்ல காலு போயிருக்கும்."

"உங்க உழைப்பையும் சேத்து நாசம் பண்ணிட்டேன், மாஸ்டர். என்னை மன்னிச்சிருங்க."

"விடு, விடு" என்று அவள் தலையைத் தடவிக் கொடுத்தான் அவன். டீ போட்டுக் கொடுத்தான். குழந்தைக்கு அவனே சோறு ஊட்டினான். மாமியார்கூட அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் அவன் வேறொரு மைதானத்தில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கப் போய்விட்டான். அவளுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. முழுக் கால், முழுக் கால் என்று நடுவர் சொன்னதே காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. படபடப்பில் நாலு விரல் தாண்டலாம். முழுக் கால் எப்படித் தாண்டும்? குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு, அளக்கிற டேப்பைப் பையில் போட்டுக்கொண்டு கிடங்குப் பக்கம் நடந்தாள்.

மைதானம் வெறிச்சென்று கிடந்தது. பயிற்சி முடிந்ததும் கூம்பையும் தட்டையும் எண்ணி அடுக்கி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவான் மாஸ்டர், ஒன்றைக்கூட விட்டு வைக்க மாட்டான். ஆனால் மண்ணை அடுக்கி எடுத்துக்கொண்டு போக முடியுமா? ஸ்டம்பு ஊன்றிய குழிகள் அப்படியே இருந்தன. அதற்கு முன்னால், மாதக்கணக்கில் அவளுடைய முன்கால் ஓங்கி ஓங்கி விழுந்த இடத்தில், ஒரு கிண்ணம் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. ஒரே பள்ளம். அவள் கால் அலைபாயவே இல்லை. தினமும் அச்சுப் பிசகாமல் அதே இடத்தில்தான் விழுந்திருக்கிறது.

பையிலிருந்து டேப்பை எடுத்தாள். ஸ்டம்புக்கும் கோட்டுக்கும் நடுவில் நாலு அடி. எந்த நாட்டில் ஆடினாலும் நாலு அடி. டேப்பை நீட்டி நாலு அடியில் கட்டை விரலை ஊன்றினாள். விரல் சமதரையில் ஊன்றி நின்றது. பள்ளம் அதற்கு அப்பால் இருந்தது. குதிகால் பட்ட இடம்கூட அப்பால்தான் இருந்தது.

டேப் தப்பாயிருக்குமோ என்று இன்னொரு தடவை அளந்தாள். ஸ்டம்புக் குழியை மாற்றிப் பிடித்துவிட்டேனோ என்று பார்த்தாள். அவனுக்குச் சாதகமாக என்னென்ன யோசிக்க முடியுமோ அத்தனையும் யோசித்தாள், பாவம். பிறகு பள்ளத்தின் இரண்டு பக்கமும் தரையைக் கூர்ந்து பார்த்தாள். மஞ்சள் தட்டுகள் அழுந்தி அழுந்தி வட்டமாகத் தடம் பதிந்திருந்தது. ஒரு வட்டம் நாலு அடியில், மங்கலாக. அதற்கு முன்னால் இன்னொன்று, கொஞ்சம் அழுத்தமாக. அதற்கும் முன்னால் பள்ளத்தின் முன் விளிம்பை ஒட்டி இன்னொன்று, நேற்று வைத்தது போல. கயிற்றை நீட்ட வேண்டியவன் கோட்டைத் தள்ளி வைத்திருக்கிறான்.

அவளுக்கு அழுகை வரவில்லை. டேப்பைச் சுருட்டக்கூடச் செய்யாமல் கையில் தொங்கவிட்டுக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள்.

மாஸ்டர் திரும்பி வந்திருந்தான். வீட்டுக்குப் பின்னால் குழாயடியில் உட்கார்ந்து மார்க்கர்களை வாளித் தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தான். அவள் டேப்பை அவனுக்கு முன்னால் போட்டாள்.

"நாலடிக்கு அந்தப் பக்கம் பள்ளம் இருக்கு" என்றாள்.

அவன் நிமிரவில்லை. கையிலிருந்த தட்டைத் திருப்பித் திருப்பித் தேய்த்தான்.

"எப்பலருந்து?"

"மொதல்ல நாலு விரல்தான் தள்ளி வெச்சேன். அன்னிக்கு ஒருநாள் மட்டும்னு நெனச்சேன். அன்னிக்கு நீ சிரிச்சுக்கிட்டே வந்தே. அப்புறம் மறுபடி பழைய எடத்துல வைக்க மனசு வரல. மொத சில நாள் நீ வேகத்தைக் கூட்டக் கூட்ட காலும் தள்ளிப் போச்சு. நானும் தள்ளி வெச்சேன்."

"நோ-பால்னு சொல்ல வாய் இல்லையா உங்களுக்கு?"

"சொன்னேனே. சொன்னதுக்கு என்ன பண்ணினே? கயிறைத் தூக்கி மூஞ்சிலயே எறிஞ்சே. வீடு வீடாவா இருந்துச்சு? அம்மா சாப்பிடல, பாப்பா தூங்கல. தினமும் ஒரு மணி நேரம் நீ சந்தோஷமா இருந்தா போதும்னு இருந்தேன்."

அதில் உண்மை இல்லாமல் இல்லை. அவள் எறிந்தாள்தான். கத்தினாள்தான். அந்த இடத்தில் அவள் கொஞ்சம் அடங்கிப்போனாள். அவன் அத்தோடு நிறுத்தியிருந்தால் ஒருவேளை இரண்டு பேரும் சேர்ந்து அழுது தீர்த்திருப்பார்கள். அவன் நிறுத்தவில்லை.

"நெஜமாவே கூப்பிடுவாங்கன்னு யாருக்குத் தெரியும்?" என்றான்.

"அப்ப நான் ஆடுவேன்னு நீங்க நெனக்கவே இல்ல."

"அப்படி இல்லம்மா..."

"பாப்பா கையில கிலுகிலுப்பை குடுக்கிற மாதிரி எனக்கு ஒரு கோடு வெச்சுக் குடுத்திருக்கீங்க."

"கூப்பிட்டதுக்கப்புறம் சொன்னா நீ ஆடிப்போயிருவேன்னு பயந்தேன். அங்க போய் எப்படியாவது சரியா விழுந்துரும்னு..."

"எப்படி விழும்? நீங்க எங்க விழணும்னு வெச்சீங்களோ அங்கதானே விழுந்துச்சு. ஒருநாளாவது அதைத் தாண்டுச்சா? நேத்து உங்க தோள்ல சாஞ்சு உங்ககிட்ட மன்னிப்பு கேட்டேனே. மாஸ்டர், மாஸ்டர்னு அழுதேனே. அப்பக்கூட வாயைத் திறக்காம விடு விடுன்னு தலையைத் தடவினீங்களே, கை கூசல உங்களுக்கு?"

தோற்றதைக்கூட அவளால் பொறுத்துக்கொள்ள முடியும் போலிருந்தது. அந்தத் தடவலைத்தான் பொறுக்க முடியவில்லை. உள்ளே குழந்தை அழுதது. மாமியார் சமாதானப்படுத்துகிற சத்தம் கேட்டது. அவன் எழுந்து, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, தப்பித்தோம் பிழைத்தோம் என்று உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தான். குழந்தையை வைத்துக்கொண்டு நிற்கிறவனைத் திட்ட மாட்டாள் என்று ஒரு நம்பிக்கை.

அப்போதுதான் அவளுடைய போன் அடித்தது. பெரியக்கா.

"முடிவு சொல்லத்தான் கூப்பிட்டேன். உன் பேரு இல்லம்மா."

"தெரியும்க்கா."

"மனசு கேக்காமதான் நானே பேசுறேன். நேத்து வந்த அத்தனை பேர்லயும் உனக்குத்தான் வேகம். அந்த மூணாவது பந்து இருக்கே, அந்த மாதிரிப் பந்தை நான் பாத்து எத்தனை காலமாச்சு. ஆனா வந்ததெல்லாம் நோ-பாலுன்னா நான் யார்கிட்டப் போய் உனக்காகப் பேசுறது? இனிமே என் கையில ஒண்ணும் இல்ல."

"சரிக்கா."

"எனக்கு ஒண்ணு மட்டும் புரியல." பெரியக்காவின் குரலில் கோபமும் இருந்தது, பாசமும் இருந்தது. "முழுக் காலு வெளிய விழுது, அது உனக்கே தெரியாம இருந்திருக்கு. பிராக்டிஸ்ல பக்கத்துல நின்னு உன் காலைப் பாத்துச் சொல்ல ஒரு ஆளு கூடவா இல்ல உனக்கு?"

மாஸ்டர் குழந்தையோடு அங்கேயே நின்றான். போனில் கேட்டது அவனுக்கும் கேட்டிருந்தது. சொல்லிவிடாதே என்று அவன் கண் கெஞ்சியது. கோன் மாஸ்டர் பேர் போய்விடுமே என்ற பயமாக இருக்கலாம்.

அவள் குரலைத் தாழ்த்தவில்லை. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இல்லக்கா. எனக்குன்னு யாரும் இல்ல."